ஏஎஸ்/400-இல் ஏற்றிய உரைக்கோப்பு புரியாத குறிகளாகத் தெரிந்தால்

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களில், எக்செல்லில் தயாரித்த நூல் கொள்முதல் பட்டியலை ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினியில் ஏற்றியதும் பெயரும் எடையும் உருத்தெரியாமல் போவது உண்டு. உடனே பட்டியலை மறுபடி தட்டச்சு செய்ய உட்கார வேண்டாம். முதலில், கணினிக்குள் உண்மையில் என்ன போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

அதற்கு டிஎஸ்பிபிஎஃப்எம் கட்டளையில் கோப்பைத் திறந்து எஃப்10 விசையை அழுத்தினால் ஹெக்ஸ் மதிப்புகள் (ஒவ்வொரு பைட்டையும் பதினாறடிமான எண்ணில் காட்டுபவை) தெரியும். இந்தக் கணினி எப்சிடிக் என்ற ஐபிஎம்மின் எழுத்துக் குறியீட்டு முறையில் எழுதுவதால் 1, 2, 3 என்ற எண்கள் எஃப்1, எஃப்2, எஃப்3 என்று இருக்க வேண்டும். 31, 32, 33 என்று இருந்தால் அவை சாதாரணக் கணினிகளின் குறியீட்டு முறையான ஆஸ்கியாகவே வந்துவிட்டன. கோப்பு அனுப்பும் எஃப்டிபியில், எதையும் மாற்றாமல் அனுப்பும் பைனரி முறையை விட்டு, எப்சிடிக்காக மாற்றித் தரும் ஆஸ்கி முறையில் மீண்டும் அனுப்பினால் போதும்.

எழுத்து சரியாக இருந்தும் நிரல் 'டெசிமல் டேட்டா எரர்' என்று நின்றால், பேக்டு டெசிமல் புலத்தை (ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களை அடைத்து வைக்கும் எண் புலத்தை) சந்தேகியுங்கள். புதியவர்களை அதிகம் திணறடிப்பது இதுதான். இரண்டு தசம இடங்களோடு 7 இலக்கம் கொண்ட பேக்டு புலத்தில் 1250.50 கிலோ என்பது 01 25 05 0எஃப் என நான்கே பைட்டுகளில் அடங்கும். கடைசி அரை பைட் கூட்டல், கழித்தல் குறிக்கானது. உரையாக வரும் எண்ணில் அந்தக் குறி இல்லாததால், அத்தகைய கோப்புக்குள் எஃப்டிபி வழியாக உரையை நேரடியாக அனுப்பவே கூடாது.

மாறாக, காற்புள்ளியால் பிரித்த யுடிஎஃப்-8 (யூனிகோடு) கோப்பை, விண்டோஸ் போன்ற அடைவுகள் கொண்ட ஐஎஃப்எஸ் பகுதியின் அடைவுக்குப் பைனரி முறையில் அனுப்பி, சிஎச்ஜிஏடிஆர் கட்டளையால் அதன் சிசிஎஸ்ஐடி எண்ணை (எழுத்துக் குறியீட்டு முறையைச் சுட்டும் எண்) யுடிஎஃப்-8க்கு உரிய 1208 என்று குறித்து, பிறகு சிபிஒய்எஃப்ஆர்எம்ஐஎம்பிஎஃப் கட்டளையால் இறக்குமதி செய்யுங்கள். புலங்களைப் பிரித்து, எண்களை உரிய வடிவுக்கு மாற்றுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். விண்டோஸ் கோப்பானால் வரி முடிவை *சிஆர்எல்எஃப் எனக் கொடுங்கள். காற்புள்ளி உள்ள பெயர்களை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள்.

மில் பெயர்கள் தமிழில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 37 என்ற எப்சிடிக் சிசிஎஸ்ஐடியில் தமிழ் எழுத்துகளே கிடையாது. அதற்கு மாற்றியதும் அவை மாற்றுக்குறிகளாகிவிடும், பிறகு மீட்க இயலாது. ஆகவே அந்தப் புலத்தை 1208 அல்லது 1200 (யுடிஎஃப்-16) என்று அமைத்துவிட்டே ஏற்றுங்கள்.

ஏறாத வரிகள் தனியே சேர, ஈஆர்ஆர்ஆர்சிடிஃபைல் அளவுருவில் ஒரு கோப்பின் பெயரைக் கொடுங்கள். அவற்றை மட்டும் திருத்தி மறுபடி ஏற்றும்போது *ஆட் (இருப்பதோடு சேர்) என்றே குறிப்பிடுங்கள். *ரீப்ளேஸ் என்றால் முன்பு ஏறியவை அழிந்துவிடும்.