திறமைசாலி என்பதற்காகத் தலையில் கட்டாதீர்கள்

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளில் தமிழும் உருதும் கலந்தே கேட்கும். இப்போது வடக்கிலிருந்து வந்தவர்களின் இந்தியும் சேர்ந்துவிட்டது. குடியாத்தம் பக்கத்து ஆட்கள் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். இப்படிப்பட்ட இடத்தில் "அவரவர் திறமையை ஊக்குவிக்கிறோம்" என்று கிளம்பும் நிர்வாகம் முதலில் சறுக்குவது, திறமையைக் கூடுதல் சுமையாக்குவதில்தான்.

ஸ்டிச்சிங் லைனில் ஒரு அக்காவுக்கு இந்தி நன்றாக வரும் என்று வையுங்கள். புதிதாக வந்த பீகார் பையனுக்கு எது சொல்வதென்றாலும், "அக்கா, கொஞ்சம் வந்து சொல்லிட்டுப் போங்க" என்பார் சூப்பர்வைசர். அவர் எழுந்து போனதும் மெஷின் நிற்கும். சாயந்திரம் கணக்குப் பார்க்கும்போது பீஸ் குறையும். திட்டு மட்டும் அவருக்கு. நான்கு பேருக்கு உதவியவர் மாதக் கடைசியில் 'ஸ்லோ' என்று பெயர் வாங்குவார். பேசப் போன நேரத்தை டார்கெட்டில் கழியுங்கள், அதற்கென்று அலவன்ஸ் கொடுங்கள். அவருக்கு விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நன்றாகத் தைப்பவரைச் சூப்பர்வைசர் ஆக்குவதும் இதே ரகம். ஊசி பிடிக்கும் கை வேறு, ஆள் மேய்க்கும் வாய் வேறு. அதே மெஷினில் இருந்தபடியே சம்பளம் ஏற ஒரு கிரேடு இருந்தால் போதும்.

அடுத்தது, யாருக்கு என்ன திறமை என்று அறிய நிர்வாகம் கொடுக்கும் கேள்வித்தாள். உளவியலாளர்கள் பீட்டர்சனும் செலிக்மேனும் 2004இல் மனிதரின் நற்பண்புகளை 24ஆக வகைப்படுத்தினார்கள். அந்தப் பட்டியல் உபயோகமானதுதான். ஆனால் "எனக்குத் தலைமைப் பண்பு உண்டு" என்ற வரிக்கு நேராக டிக் போட நம் ஊரில் பலருக்குக் கை வராது. தன்னைத்தானே புகழ்ந்தால் தலைக்கனம் என்று கேட்டு வளர்ந்தவர்கள். மதிப்பெண் குறையும், திறமை குறைந்ததென்று ஆகாது. பக்கத்து மெஷின்காரரிடம் கேளுங்கள்: "நூல் சிக்கினா முதல்ல யாரைக் கூப்பிடுவீங்க?" பதில் சட்டென்று வரும்.

எல்லாரையும் நிற்கவைத்து "யாருக்காவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்பது வெறும் சடங்கு. "ஒண்ணும் இல்ல சார்" தவிர வேறென்ன வரும்? அதிலும் ஒப்பந்தத் தொழிலாளி வாயே திறக்க மாட்டார். தனியாக, அவர் மொழி தெரிந்த, அவருக்கு மேலதிகாரி அல்லாத ஒருவர் கேட்க வேண்டும்.

நலன் என்றதும் யோகா வகுப்பு வைப்பார்கள். கத்திரி வெயிலில், மின்விசிறி ஓடாத ஷெட்டில் மூச்சுப் பயிற்சி! முதலில் விசிறியைப் பழுது பாருங்கள். கழிவறைக்குப் போகத் தயங்கித் தண்ணீரே குடிக்காத பெண்கள் இருக்கிறார்களா என்று கவனியுங்கள்.

விடுமுறையிலும் ஒரே அளவுகோல் சரிவராது. ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்குள் வீடு சேர நினைப்பவருக்கும், வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போயே ஆகவேண்டியவருக்கும், பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகையான சத் பூஜைக்கு ஊர் போக ரயில் டிக்கெட் தேடுபவருக்கும் தேவை வெவ்வேறு. வருட ஆரம்பத்திலேயே யாருக்கு எந்த நாள் முக்கியம் என்று எழுதி வாங்கினால், ஒருவர் ஷிஃப்டை இன்னொருவர் மாற்றிக்கொள்வார்கள். கடைசி நேரத்தில் 'உடம்பு சரியில்லை' என்று வரும் போன்களும் குறையும்.