சிறு மில்லிங் இயந்திரத்தில் பேக்லேஷும் ஆழத் துல்லியமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒரு காலத்தில் ரப்பர் தாள் உலர்த்திய கொட்டகையில் நான் வைத்திருக்கும் சிறு மில்லிங் இயந்திரத்தில் (சுழலும் வெட்டுக்கருவியால் பொருளைச் செதுக்கும் இயந்திரம்), கைச்சக்கரத்தை எதிர்த்திசையில் திருப்பினால் பொருளைத் தாங்கும் மேசை உடனே நகர்வதில்லை. மேசையை நகர்த்தும் திருகுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள பேக்லேஷ் என்னும் தளர்வே இதற்குக் காரணம்.

முதலில் அதை அளந்துகொள்ளுங்கள். நுண்ணிய நகர்வை ஊசியால் காட்டும் டயல் கேஜின் முனையை மேசையில் அழுத்தி, ஒரே திசையில் நகர்த்திச் சுழியத்தில் நிறுத்தியபின், சக்கரத்தை மெதுவாக எதிர்த்திசையில் திருப்பி, ஊசி அசையும்வரை சக்கரத்தில் எத்தனை கோடுகள் கடந்தன என்று எண்ணினால் அதுவே உங்கள் பேக்லேஷ். 0.2 மி.மீ. வந்தாலும் கலங்க வேண்டாம். ஒவ்வோர் அளவையும் ஒரே திசையிலிருந்தே அணுகினால் அது கணக்கில் நுழையாது. தாண்டிவிட்டால், ஒரு முழுச் சுற்றுப் பின்வாங்கி மீண்டும் வாருங்கள். வெட்டுக்கருவி பொருளைத் தானே இழுத்துக்கொள்ளும் திசையில் ஆழமாக வெட்டுவதைத் தவிருங்கள். தளர்வான மேசை திடீரெனப் பாய்ந்து கருவியை ஒடித்துவிடும்.

ஆழத்திற்குச் சக்கரத்தின் கோடுகளை நான் நம்புவதில்லை. தூணில் பொருத்திய டயல் கேஜ், வெட்டுக்கருவியைத் தாங்கும் தலைப்பகுதி உண்மையில் இறங்கிய தூரத்தையே காட்டும். பூட்டுத் திருகை இறுக்கும்போதும் தலை சற்று நகரக்கூடும் என்பதால், இறுக்கிய பிறகே அளவைப் படியுங்கள்.