நந்திக்கடலுக்குப் பத்து மணிக்குப் போகாதீர்கள்

கரையோரச் சூழல் முகாமைத்துவத்தில் பட்டப்பின் படிப்புக்கு வருபவர்கள் ஒவ்வொரு துறையிலிருந்து வருவார்கள். களத்துக்குப் போனால் இரசாயனம் படித்தவர் தண்ணீர் எடுப்பார், உயிரியல் படித்தவர் கண்டல் எண்ணுவார், சமூகவியல் படித்தவர் மீனவர் தங்கும் வாடிக்குள் போய் வினாக்கொத்து நிரப்புவார். பிறகு மூன்று அத்தியாயத்தையும் சேர்த்துக் கட்டி ஒரு மட்டை போடுவார்கள். பல்துறை அந்த மட்டையில் மட்டும்தான் இருக்கும். மூவரின் தரவும் ஒரே அட்டவணையில் உட்கார வேண்டும். உட்காராமல் போவது பெரும்பாலும் சின்னச் சின்னப் பிழைகளால்தான்.

பெரிய பிழை நேரம். வவுனியாவிலிருந்து காலையில் வெளிக்கிட்ட பஸ் முல்லைத்தீவில் நந்திக்கடல் களப்பின் கரையிலுள்ள வட்டுவாகலுக்கு வந்துசேரப் பத்து மணியாகிவிடும். அந்நேரம் கரைந்த ஒட்சிசன் நல்லாகத்தான் காட்டும்; வெயில் ஏறியதிலிருந்து பாசி ஒட்சிசனை விட்டபடி இருக்கிறது. இரவு முழுக்கச் சுவாசித்துத் தீர்ந்தபின், சூரியன் உதிக்குமுன்தான் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். அதே நாள் வாடியில் ஒருவர், "விடியப்புறம் மீன் வாயைத் திறந்துகொண்டு மேலுக்கு வருது" என்பார். அறிக்கையில் ஒரு அத்தியாயம் நீர் சுகம் என்னும், அடுத்தது மீன் மூச்சுத் திணறுது என்னும். இரண்டும் சரி, மணிதான் வேறு. முதல் நாளே போய்த் தங்கி, காலை 5 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் ஒரே புள்ளியில் அளவிடுங்கள்.

ஒட்சிசன் மானியில் உவர்ப்பைத் திருத்தாமல் விடுவதும் வழக்கம். 28 பாகை செல்சியசில் நன்னீர் லீற்றருக்கு ஏறக்குறைய 7.8 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும்; கடல்நீர் 6.4 அளவில் நின்றுவிடும். மானியில் உவர்ப்பு பூச்சியம் என்று விட்டிருந்தால், அது இல்லாத ஒட்சிசனைக் காட்டும். களப்பில் உவர்ப்பு ஒரே நிலையில் நிற்பதுமில்லை. மாரியில் பேராற்று வெள்ளம் வந்தால் நன்னீர் மாதிரி, கோடையில் முகத்துவாரம் அடைபட்டால் கடலை விடக் கடுப்பு. ஒரே ஒரு பருவத்தில் அளந்துவிட்டு 'நந்திக்கடலின் உவர்ப்பு' என்று எழுத வேண்டாம். முகத்துவாரம் திறந்ததா அடைபட்டதா என்பதற்கு அட்டவணையில் தனி நிரல் போடுங்கள்.

வினாக்கொத்தில் 'எந்த மாதம் இறால் அதிகம்?' என்று கேட்பார்கள். தொழிலாளி 'சோழகம் விட்டு வாடை பிறக்கேக்க' என்பார்; தென்மேல் காற்று ஓய்ந்து வடகீழ் காற்று தொடங்கும்போது என்று பொருள். அதை மாணவர் 'ஒக்ரோபர்' என்று எழுதி முடித்துவிடுவார். காற்றுப் பெயரை அப்படியே பதிந்து, மாதத்தைப் பக்கத்தில் போட வேண்டும். அந்தப் பெயரோடு காற்றின் திசை, மழை, முகத்துவாரம் எல்லாம் சேர்ந்து வருகிறது. இடமும் இப்படித்தான். நீர் எடுத்த புள்ளிகளுக்கு இலக்கமிட்டு, அதே வரைபடத்தை வாடியில் விரித்து, வலை விடும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வலை இழுக்கும் நேரத்திலும் விலை பேசும் நேரத்திலும் போகாதீர்கள். கருவாடு போடும் பெண்களைக் கேட்காமல் வருவது பாதிக் கதையோடு வருவது. நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் பருவத்துக்கு மேற்குக் கரையிலிருந்து வந்து தொழில் செய்பவர்களும் உண்டு; சிங்களத்திலும் வினாக்கொத்து வேண்டும்.

வரைபடத்தில் ஒரு பொறி இருக்கிறது. கைபேசி காட்டும் ஆள்கூறு ஒரு அடிப்படையில் (datum), நில அளவைத் திணைக்களப் படம் இன்னொரு அடிப்படையில். மாற்றாமல் ஒட்டினால் புள்ளி நூறு மீற்றருக்கு மேல் விலகும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் கரையோர வலயம் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர். நூறு மீற்றர் பிசகினால் ஒரு வாடி சட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பதே மாறிவிடும். முகாமைத்துவப் பகுதி எழுதுபவர் இதைக் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிப்பார்.

அனுமதியையும் கடைசிக்கு விடாதீர்கள். நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனமான இடம். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு எழுத்தில் கேட்டு, பதில் வந்தபின் பஸ் பிடியுங்கள். மீன்பிடிச் சங்கத்துக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அடிமண் எடுக்கும் குழாயை இறக்குமுன், அந்த இடம் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். ஆட்கள் நடந்து திரியும் கரைதானே என்று நினைப்பது பிழை. அவர்கள் நடக்கிறார்கள், நீங்கள் தோண்டப் போகிறீர்கள்.