இன்டிசைனில் கொம்பு இடம் மாறினால்

ஓய்வுக்குப் பின் எழுதிய நாவலை நானே அச்சுக்குத் தயார் செய்தேன். வேர்டில் சரியாக இருந்த ‘கொடி’ என்ற சொல், புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் அடோபி மென்பொருளான இன்டிசைனில் ஒட்டியதும் உடைந்தது. ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் போய் நின்றது.

எழுத்துரு மாற்றினேன், மறுபடி தட்டச்சு செய்தேன், பயனில்லை. கணினியில் எழுத்துகளைப் பதியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் பதிவாகும். அதை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. பத்தியின் தோற்ற அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பாராகிராஃப் ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், எழுத்துகளை வரிகளாக அடுக்கும் கம்போசரை ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்று மாற்றியதும் எல்லாம் சரியானது. அப்பாடா!

நாவலின் பத்திகளுக்கான ஸ்டைலில் மட்டும் மாற்றினால் போதாது. அத்தியாயத் தலைப்பு, அடிக்குறிப்பு, பக்கத்தலைப்பு ஸ்டைல்களையும் தனித்தனியே பாருங்கள். கம்போசரை மாற்றினால் வரிகள் நகர்ந்து பக்க எண்ணிக்கை மாறலாம். பொருளடக்கத்தைப் புதுப்பித்து, அட்டையின் முதுகு அகலத்தையும் திரும்பக் கணக்கிட்ட பிறகே அச்சகத்துக்குப் பிடிஎஃப் அனுப்புங்கள்.