மாத்திரை அட்டை சத்தம் கேட்டதும் ஓடும் பூனைக்கு மருந்து கொடுப்பது எப்படி

பூனைக்கு மாத்திரை கொடுப்பதில் பெரும்பாலான தோல்விகள் பூனையைத் தூக்குவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டு மறு கையால் அட்டையைப் பிய்த்து, மாத்திரையை உடைத்து, தண்ணீரைத் தேடினால் பூனைக்கு எல்லாம் புரிந்துவிடும். வாயைத் திறந்து மூடுவது ஐந்து வினாடி வேலை. அதற்கு முந்தைய ஏற்பாடும், மாத்திரை உள்ளே போனபின் கொடுக்கும் தண்ணீரும்தான் பெரிய வேலை. அந்தத் தண்ணீரைப் பலர் கொடுப்பதே இல்லை.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: கையில் இருப்பது கால்நடை டாக்டர் எழுதிய மருந்துதானே? காய்ச்சல் போலத் தெரிகிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலில் ஒரு துண்டு கொடுப்பது பூனையைக் கொல்லும். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகம் வீங்கும். 500 மி.கி. மாத்திரை ஒன்றே ஒரு பூனைக்கு எமன். இபுபுரூஃபனும் கொடுக்கவே கூடாது. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனையின் கழுத்தில் சொட்டுவதும் அப்படித்தான். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் வலிப்பு வரும்.

கிளினிக்கிலேயே கேட்டுவிட வேண்டியவை சில உண்டு. இதைப் பொடி செய்யலாமா? சாப்பாட்டோடு கொடுக்கலாமா, வெறும் வயிற்றிலா? இதே மருந்து சிரப்பாகக் கிடைக்குமா? ஊசியாகப் போட்டுவிட முடியுமா? ஒரு நாளைக்கு இருமுறை, பத்து நாள் என்று எழுதினால் அது இருபது மல்லுக்கட்டு. பூனையின் குணத்தைச் சொன்னால் டாக்டர் வேறு வழி யோசிப்பார். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

மாத்திரையைத் தயார் செய்வது

பூனைகளுக்கென்றே தயாரான மாத்திரை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. மனிதர்களுக்கான மாத்திரையில் அரையோ காலோ கொடுக்கச் சொல்வார்கள். சமையல் கத்தியால் நறுக்கினால் ஒரு துண்டு அடுப்படி மூலைக்குப் பறக்கும், மிச்சம் தூளாகும். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வெட்டும் சின்ன டப்பா கேட்டு வாங்குங்கள். முதலில் பாதி, பிறகு அந்தப் பாதியில் பாதி.

வெட்டியதும் இரண்டு சிக்கல் வரும். மேல்பூச்சு போய்விடுவதால் கசப்பு வெளியே தெரியும். வெட்டிய முனை கூராக இருப்பதால் நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டும். துண்டின் மேல் நெய்யோ வெண்ணெயோ லேசாகத் தடவினால் இரண்டும் குறையும். வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். மெட்ரோனிடசோல் போன்ற கடும் கசப்பு மருந்துக்கு நெய் போதாது. காலியான ஜெலட்டின் கேப்ஸ்யூலில் (4-ஆம் எண் அளவு பூனைக்குச் சரி) துண்டைப் போட்டு மூடிவிடலாம். கொடுப்பதற்கு முன் அதைத் தண்ணீரில் ஒரு முறை தொட்டு எடுங்கள், உலர்ந்த கேப்ஸ்யூல் நாக்கில் பசை போல ஒட்டிக்கொள்ளும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையையும், குடலில் போய்க் கரையும்படி பூச்சு போட்டதையும் டாக்டரைக் கேட்காமல் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

முதலில் ஏமாற்றிப் பாருங்கள்

பூனைக்குப் பசி இருக்கிறது, மருந்தைச் சாப்பாட்டோடு கொடுக்கலாம் என்றால் மல்லுக்கட்டு தேவையே இல்லை. வேளைச் சாப்பாட்டுக்குச் சற்று முன், முள் எடுத்து மசித்த மத்தி மீனையோ வேகவைத்த கோழியையோ சுண்டைக்காய் அளவில் மூன்று உருண்டையாகப் பிடியுங்கள். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு மீன் வேண்டாம். அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். முதல் உருண்டையில் ஒன்றும் இருக்கக் கூடாது. இரண்டாவதில் மாத்திரை. அதை வாயில் வாங்கும்போதே மூன்றாவது உருண்டை மூக்குக்கு முன்னால் இருக்க வேண்டும். அதை வாங்கும் அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். டியூபில் வரும் கிரீமி ட்ரீட்டும் இதற்கு நன்றாக உதவும். மாத்திரையைத் தொட்ட விரலால் முதல் உருண்டையையும் மூன்றாவதையும் தொடாதீர்கள். பூனை கண்டுபிடிப்பது பெரும்பாலும் அந்த விரல் வாசனையை வைத்துத்தான்.

தட்டுச் சோற்றில் மருந்தைக் கலந்து வைப்பது மட்டும் வேண்டாம். பாதி தின்று மீதியை விட்டால் எவ்வளவு மருந்து போனது என்று தெரியாது. அதைவிட மோசம், கசந்த சாப்பாட்டைப் பூனை மறுபடி தொடாமல் இருந்துவிடலாம். நோயுற்ற பூனை பட்டினி கிடப்பது சாதாரண விஷயமில்லை. குறிப்பாகப் பருத்த பூனை சில நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு அடைந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்க எதுவும் தொடவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

டாக்ஸிசைக்ளின் (ஒரு ஆன்டிபயாடிக்) போன்ற மருந்தைப் பாலிலோ தயிரிலோ கொடுக்காதீர்கள். அவற்றில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது.

கையால் கொடுப்பது

தேவையானதை எல்லாம் எட்டும் தூரத்தில் வரிசையாக வையுங்கள்: நெய் தடவிய மாத்திரை, 5 மி.லி. தண்ணீர் நிரப்பிய ஊசியில்லாத சிரிஞ்ச், கெட்டியான பருத்தித் துண்டு, பிடித்த தின்பண்டம். அறைக்கதவைச் சாத்துங்கள். பீரோ அடியையும் கட்டில் அடியையும் முன்பே அடைத்துவிடுங்கள். பிறகுதான் பூனையைக் கூட்டி வர வேண்டும். தூங்குகிற இடத்திலோ சாப்பிடுகிற இடத்திலோ வைத்துக் கொடுக்காதீர்கள். அந்த இடத்தையே அது வெறுத்துவிடும்.

மருந்தென்றதும் பூனை பின்னால்தான் நகரும். ஆகவே அதன் முதுகுப்புறம் அடைபட்டிருக்க வேண்டும். தனியாகக் கொடுப்பவர் தரையில் மண்டியிட்டு, இரண்டு தொடைக்கு நடுவில், தன்னைப் பார்க்காமல் வெளியே பார்த்தபடி பூனையை உட்கார வைக்கலாம். மேல் உட்கார்ந்து அமுக்கக் கூடாது. இரண்டு பேர் இருந்தால் மேஜை வசதி. வழுக்காமல் இருக்க ரப்பர் பாயோ ஈரத்துணியோ விரியுங்கள். பிறாண்டும் பூனையாக இருந்தால் துண்டில் சுற்ற வேண்டும். விரித்த துண்டின் நடுவில் உட்காரவைத்து, ஒரு பக்கத்தைக் கழுத்தடியோடு இழுத்து முன்கால்களை மூடி மறுபுறம் சொருகுங்கள், அடுத்த பக்கத்தையும் அப்படியே. தலை மட்டும் வெளியே தெரியும். முன்கால் ஒன்று தப்பினாலும் அவிழ்த்துத் திரும்பச் சுற்றுவதே நல்லது. பிடரியைப் பிடித்துத் தூக்குவது பழைய பழக்கம். வளர்ந்த பூனைக்கு அது வலியும் பயமும்தான் தரும்.

இடக்கையை மேலிருந்து தலையின்மேல் வையுங்கள். கட்டைவிரல் ஒரு கன்ன எலும்பிலும் மற்ற விரல்கள் மறு கன்ன எலும்பிலும் இருக்கட்டும். மீசையை அமுக்காதீர்கள். மூக்கு கூரையைப் பார்க்கும்வரை தலையை மெல்ல அண்ணாத்துங்கள். அப்போது கீழ்த்தாடை தானாகவே கொஞ்சம் தளரும். வலக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாத்திரை இருக்க, நடுவிரலை முன்வரிசைச் சிறு பற்களின் மேல் வைத்துத் தாடையைக் கீழே தள்ளுங்கள். கோரைப்பல்லின் மேல் வைக்காதீர்கள். மாத்திரையை நாக்கின் நட்டநடுவில், எவ்வளவு பின்னால் முடியுமோ அவ்வளவு பின்னால் போடுங்கள். நாக்கின் நடுமேட்டைத் தாண்டினால்தான் அது விழுங்கும். மேட்டுக்கு முன்னால் விழுந்தால் அப்படியே துப்பும். ஓரத்தில் விழுந்தால் கடித்துவிடும், கசப்பு தெரியும், அன்றைய கதை முடிந்தது. விரலை விட பயமாக இருந்தால் ரப்பர் முனையுள்ள மாத்திரைக் குழல் வாங்குங்கள். அதையும் தொண்டைக்குள் குத்தாமல் நாக்கின் பின்பகுதிவரை மட்டுமே விடவேண்டும்.

போட்டவுடன் வாயை மூடித் தலையைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவாருங்கள். அண்ணாந்தபடி விழுங்குவது பூனைக்கும் சிரமம். தொண்டையை மெல்லத் தடவுங்கள். மூக்கை நக்கினால் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று பொருள். பெரும்பாலும்தான். கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, நீங்கள் நகர்ந்ததும் சோபாவுக்குப் பின்னால் போய்த் துப்பும் பூனைகள் உண்டு. இரண்டு நிமிடம் கண்ணில் வைத்திருங்கள்.

இப்போது அந்தத் தண்ணீர். தண்ணீர் இல்லாமல் விழுங்கிய மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் பல நிமிடம் தங்கிவிடும். டாக்ஸிசைக்ளின், கிளிண்டமைசின் போன்றவை தங்கிய இடத்தைப் புண்ணாக்கும். புண் ஆறும்போது குழாயே சுருங்கிப்போகலாம். நாட்கள் கழித்து, தின்றதெல்லாம் செரிக்காமல் அப்படியே வெளியே வரும்போதுதான் தெரியவரும். எனவே ஒவ்வொரு முறையும் கன்னப் பக்கமாக 5 முதல் 6 மி.லி. தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாகப் புகட்டுங்கள். தானாகச் சாப்பிடும் பூனை என்றால் ஒரு ஸ்பூன் ஈர உணவும் அதே வேலையைச் செய்யும்.

சிரப், சொட்டு மருந்து

சிரிஞ்ச் வாங்கும்போது கவனம். இன்சுலின் சிரிஞ்சில் இருப்பது யூனிட் கணக்கு. நம் ஊரில் பரவலாக விற்கும் 40 யூனிட் வகையில் 40 என்ற கோடுதான் 1 மி.லி. அதில் ‘4’ஐப் பார்த்து 0.4 மி.லி. என்று எடுத்தால் உண்மையில் போவது 0.1 மி.லி. மட்டும்தான். மி.லி. கோடு போட்ட சாதாரண 1 அல்லது 2 மி.லி. சிரிஞ்சைக் கேட்டு வாங்கி, ஊசியைக் கழற்றி எறிந்துவிடுங்கள். மி.கி.யும் மி.லி.யும் வேறு வேறு என்பதும் நினைவில் இருக்கட்டும். பாட்டிலில் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்று போட்டிருந்தால் 50 மி.கி. என்பது 2 மி.லி. அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் போன்ற, தண்ணீர் கலந்து தயாரிக்கும் சிரப்பை ஃபிரிட்ஜில் வைத்து, ஒவ்வொரு முறையும் குலுக்கி, லேபிளில் போட்ட நாளுக்குமேல் வைத்திருக்காமல் கொட்டிவிடுங்கள்.

கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவதுபோல மல்லாக்கப் படுக்கவைத்து ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போனால் நிமோனியா வரும். பூனை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கட்டும், தலை நேராக இருக்கட்டும். கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் சிரிஞ்ச் முனையை வைத்து, தொண்டையை நோக்கியல்ல, கன்னத்துக்குக் குறுக்காக, ஒரு தடவைக்கு அரை மி.லி. மட்டும் விடுங்கள். விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. இருமினால் உடனே தலையைத் தாழ விடுங்கள். மலச்சிக்கலுக்கு என்று லிக்விட் பாரஃபினை இப்படிப் புகட்டவே வேண்டாம். சுவையே இல்லாததால் பூனை விழுங்காமலே அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

வாயில் நுரை தள்ளி எச்சில் ஒழுகினால் பெரும்பாலும் கசப்புதான் காரணம். சில நிமிடத்தில் அடங்கிவிடும். கொஞ்சம் ட்ரீட் கொடுத்தால் சீக்கிரமே அடங்கும். முகம் வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ அது வேறு சங்கதி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கண் மருந்தைப் பின்பக்கமிருந்து, பாட்டில் பிடித்த கையைத் தலைமேல் ஊன்றியபடி விடுங்கள். தலை ஆடினால் கையும் சேர்ந்து ஆடும், கண்ணில் குத்தாது. இரண்டு வகை சொட்டு என்றால் இடையில் ஐந்து நிமிடம் விடவேண்டும்; களிம்பு கடைசியில். யாருக்கோ எழுதித் தந்த ஸ்டீராய்டு சொட்டை மட்டும் பூனைக்கு விட்டுவிடாதீர்கள். கருவிழியில் கீறல் இருந்தால் கண்ணே போய்விடும்.

எப்போது நிறுத்துவது

மூன்று முயற்சிக்குமேல் வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கினால் அந்த நொடியே விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புது மாத்திரைத் துண்டோடு தொடங்கலாம். எச்சிலில் ஊறிக் கரைந்த பழைய துண்டு கசப்பு மட்டும்தான் தரும். ஒரு வேளை தவறிப்போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. கொடுத்த சிறிது நேரத்தில் வாந்தியில் மாத்திரை முழுதாக வந்தால், மறுபடி கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கடியோ பிறாண்டலோ தோலைக் கிழித்துவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். பூனைப் பல் ஊசி போல ஆழமாக இறங்குவதால் மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடாமல் அன்றே அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டி, பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதியையும் சொல்லுங்கள்.