கதையை யார் பக்கத்தில் நின்று சொல்வது?

கதை எழுதத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் "நான் என்று எழுதவா, அவன் என்று எழுதவா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சம்பவத்தில் யாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்த்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு சம்பவத்தை வைத்துச் செய்து பார்ப்போம். 2018 டிசம்பர், இலங்கையின் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த வெள்ள நேரம். பன்னங்கண்டிப் பக்கம் ஒரு வீடு. வெள்ளம் உண்மை, வீட்டார் கற்பனை. ஆட்களை ஏற்ற உழவு இயந்திரத்தோடு விதானையார், அதாவது ஊருக்குப் பொறுப்பான அரச அலுவலர், வந்திருக்கிறார். கன்றுக்குட்டியைக் காணாமல் ஏறமாட்டேன் என்கிறார் ஆச்சி. பேரன் பேசாமல் நிற்கிறான்.

முதலில், ஒவ்வொருவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைத் தாளில் எழுதுங்கள். தண்ணீர் எதுவரை வந்துவிட்டது என்பது விதானையாருக்குத் தெரியும். கன்றின் தாய் எப்படிச் செத்தது என்பது ஆச்சிக்குத் தெரியும். பின்னேரம் கன்றை அவிழ்த்துவிட்டது யார் என்பது பேரனுக்குத் தெரியும், ஏனென்றால் அவிழ்த்தவன் அவன்தான். நானென்றால் பேரனைத்தான் எடுப்பேன். சொல்லியே ஆகவேண்டிய ஒன்றைச் சொல்ல முடியாமல் நிற்பவன் அவன்.

அடுத்து, அவன் வாயாலேயே அரைப் பக்கம் எழுதுங்கள்:

"விதானையார் திரும்பவும் கூப்பிட்டார். ஆச்சி என்னைப் பார்த்தா. நான் கயிற்றைக் கைக்குள் சுருட்டிக்கொண்டன்."

இது தன்மை. அவன் பேச்சு அப்படியே வரலாம். 'பார்த்தார்' என்பதை அவ்வூர்ப் பேச்சில் 'பார்த்தா' என்று அவன் சொல்வதிலேயே ஆச்சிமேல் அவனுக்குள்ள மரியாதையும் ஒட்டுதலும் இருக்கிறது.

அப்புறம் அதையே படர்க்கைக்கு மாற்றுங்கள். "பேரன் கயிற்றைக் கைக்குள் சுருட்டிக்கொண்டான்." இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பேரன் என்பது ஆச்சி பக்கத்துச் சொல். அவன் தன்னைப் பேரன் என்று நினைத்துக்கொள்வதில்லை. பெயர் கொடுங்கள், சீலன் என்று வைப்போம். ஆச்சியைப் படர்க்கையிலும் ஆச்சி என்றே எழுதுங்கள். 'கிழவி' என்று எழுதிய உடனே, உழவு இயந்திரத்தில் இருக்கிற யாரோ ஒருவருடைய கண் உள்ளே வந்துவிடும்.

தமிழில் வினைச்சொல்லும் இடம் காட்டும். "விதானையார் முற்றத்துக்கு வந்தார்" என்றால் கதை வீட்டில் நிற்கிறது. "முற்றத்துக்குப் போனார்" என்றால் கதை வீதியில் நிற்கிறது. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. இன்றைய எழுத்தில் அது அவ்வளவு கண்டிப்பாக இல்லை. ஆனாலும் காது இன்னும் அதைப் பிடிக்கிறது. சீலன் வீட்டில் நிற்கும்வரை எல்லோரும் 'வர' வேண்டும்.

சரி, இப்போது திருத்தம். சீலனால் அறிய முடியாத வரிகளின் கீழ் கோடு போடுங்கள். "ஆச்சியின் மனதில் செத்த பசுவின் நினைவு ஓடியது" என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அதை அவன் காணக்கூடியதாக மாற்றுங்கள்: "ஆச்சி மாடு கட்டும் வெறும் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்." "சீலனின் முகம் வெளிறியது" என்பதும் போகட்டும். தன் முகத்தை அவன் பார்க்கவில்லை. இந்தக் களையெடுப்பைச் சோம்பல்படாமல் செய்யுங்கள். நோக்குநிலை, அதாவது ஒருவர் பக்கத்தில் நின்று கதை சொல்வது, கைக்கு வருவது இதில்தான்.

மூவர் மனதுக்குள்ளும் போய்வரும் எல்லாம் அறிந்த கதைசொல்லியும் உண்டு. அப்படி எழுதுவதென்றால் முதல் பத்தியிலேயே அது வாசகருக்குத் தெரியவேண்டும். நடுவில் திடீரென்று விதானையாரின் கவலைக்குள் பாய்ந்தால் தடுமாறிப் போவார்கள். ஓரிரவுக் கதைக்கு, புதிதாக எழுதுகிறவருக்கு, ஒரு ஆளின் பக்கமே போதும்.

பயிற்சிக்கு, இதே பக்கத்தை விதானையார் பக்கமிருந்து எழுதிப் பாருங்கள். கயிறு அவர் கண்ணில் படலாம், அதன் அர்த்தம் தெரியக்கூடாது. சீலனை அவர் தம்பி என்பாரா பொடியன் என்பாரா, ஆச்சியை எப்படிக் கூப்பிடுவார் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.