வயிற்றுப்புண்ணுக்குத் துத்தநாக மருந்து: எடுத்துக்கொள்ளும் முறை

துத்தநாக (ஜிங்க்) மருந்தைத் தொடங்கும் முன், புண் எதனால் வந்தது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான வயிற்றுப்புண்களுக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமியோ, ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளோதான் காரணம். கிருமி இருந்தால் அதை ஒழிக்க ஆன்டிபயாட்டிக் மருந்துகளும், அமிலத்தைக் குறைக்கப் பான்டோப்ரசோல் போன்ற மாத்திரையும் வேண்டும். வலி மாத்திரை காரணமானால் மருத்துவரைக் கேட்டு அதை நிறுத்தவோ மாற்றவோ வேண்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. இந்தச் சிகிச்சைக்குத் துத்தநாகம் துணையே தவிர மாற்று அல்ல.

துத்தநாக மருந்துகளில் நன்கு ஆராயப்பட்டது பொலாப்ரெசிங்க். துத்தநாகத்தையும் கார்னோசின் என்னும் சிறு புரதக்கூறையும் பிணைத்துச் செய்த இது, ஜப்பானில் 1994 முதல் இரைப்பைப் புண்ணுக்கான மருந்தாக உள்ளது. வேறு சில நாடுகளில் ஜிங்க் கார்னோசின் என்ற சத்து மாத்திரையாக விற்கப்படுகிறது. இது அமிலச் சுரப்பைக் குறைப்பதில்லை. புண்ணான இடத்தில் ஒட்டிக்கொண்டு, சளிச்சவ்வை மேலும் சிதையாமல் காத்து, அது வளர்ந்து மூடுவதற்கு உதவுகிறது. கிருமிக்கான மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது கிருமி ஒழியும் விகிதம் கூடியதாக ஜப்பானிலும் சீனாவிலும் நடந்த சில ஆய்வுகள் காட்டின. ஆனாலும் அமிலக் குறைப்பு மருந்துகளுக்கு இருக்கும் அளவு விரிவான சான்று இதற்கு இல்லை என்பதால், இதை மட்டும் நம்பியிருப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜப்பானில் பெரியவர்களுக்கான வழக்கமான அளவு, காலை உணவுக்குப் பின் 75 மில்லிகிராம், இரவு படுக்குமுன் 75 மில்லிகிராம். இந்த 150 மில்லிகிராமில் ஏறத்தாழ 34 மில்லிகிராம் துத்தநாகம் இருப்பதால், கூடவே வேறு ஜிங்க் மாத்திரையோ ஜிங்க் கலந்த மல்டிவைட்டமினோ வேண்டாம். மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும் ஜிங்க் சல்ஃபேட்டை இதற்குப் பதிலாக வாங்காதீர்கள். வெறும் வயிற்றில் அது குமட்டலையும் எரிச்சலையும் உண்டாக்கும், புண்ணுள்ள வயிற்றுக்கு அது கூடுதல் துன்பம்.

துத்தநாகம் சில மருந்துகளைக் குடலில் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்யும். கிருமி ஒழிப்பில் பயன்படும் டெட்ராசைக்ளின், லீவோஃப்ளாக்சசின் இரண்டும் அவ்வகையே; தைராய்டு மாத்திரையும் அப்படித்தான். எத்தனை மணி நேரம் இடைவெளி விடுவது என்பதை மருந்துச் சீட்டைக் காட்டி மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நெடுநாள் எடுத்தால் உடலில் தாமிரச்சத்து குறைந்து இரத்தசோகையும் கால் மரத்துப்போதலும் வரலாம் என்பதால், குறித்த காலம் முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

சித்த மருத்துவத்தின் நாக பற்பம் (பற்பம் என்பது புடமிட்டுப் பொடியாக்கிய மருந்து) துத்தநாகத்தால் ஆனது. ஆயுர்வேதத்தின் நாக பஸ்பமோ ஈயத்தால் ஆனது. பெயரை மட்டும் நம்பி வாங்காமல், பதிவு பெற்ற மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டும்.

மலம் தார் போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ, திடீரென வயிற்றில் கடும் வலி எழுந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கிருமிக்கான சிகிச்சை முடிந்து 4 வாரமாவது கழித்து, அமிலக் குறைப்பு மாத்திரையை 2 வாரம் நிறுத்திய பிறகு, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து கிருமி ஒழிந்ததா என்று பாருங்கள். புண் சிறுகுடலில் அல்லாமல் இரைப்பையில் இருந்தால், அது ஆறியதையும் புற்றுநோய் இல்லை என்பதையும் உறுதிப்படுத்த மீண்டும் எண்டோஸ்கோப்பி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.